வாடகைக்குச் சென்னை, விலைக்குக் கடலூர்: செஞ்சியில் முடிந்த ஒரு பேரம்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் தேசிங்கு ராஜன்தான் நினைவுக்கு வருவான். கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் சத்ரபதி சிவாஜி 1677-ல் கோட்டையைப் பிடித்ததைச் சொல்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை என்று செஞ்சியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் இந்த ஊரில் நடந்த ஒரு சொத்து விற்பனையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் கடற்கரையில் இருந்த ஒரு சின்னக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலைக்குக் கொடுத்தார். கம்பெனிக்கு அப்போது சென்னையில் ஏற்கெனவே ஒரு நல்ல கோட்டை இருந்தது. ஒரே ஒரு குறை... அது வாடகை இடம்!

இன்று கம்பெனி லீசில் கார் வைத்திருப்பவர்களுக்கு லீஸ் முடியும்போது ஒரு தலைவலி வரும். ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியையே மீதிப் பணம் கட்டிச் சொந்தமாக்கிக் கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுப்பதா? பழகிய வண்டி, அதன் கோளாறு என்ன என்று தெரியும். புதியது என்றால் பளபளப்பாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் கம்பெனிக்காரர்கள் முன்னால் இருந்ததும் ஏறக்குறைய இதே கேள்விதான். வண்டிக்குப் பதில் துறைமுகப் பட்டினம், அவ்வளவே வித்தியாசம்.

முதலில் சென்னை எப்படி வாடகைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

1639-ல் பிரான்சிஸ் டே என்ற கம்பெனி அதிகாரி தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி வாங்கினார். 1640-ல் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியது. அனுமதியின் சாரம் இதுதான்: ஊர் நிர்வாகத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சுங்கம் முதலான வருமானத்தில் பாதி நாயக்கருக்குப் போய்ச் சேர வேண்டும். அதாவது நிலம் கம்பெனியுடையது அல்ல. குத்தகைக்காரன் கட்டடம் கட்டிக்கொண்ட கதை. 1645-ல் விஜயநகர வம்சத்தின் கடைசி அரசர்களில் ஒருவரான மூன்றாம் ஸ்ரீரங்கராயர் இந்த உரிமையை உறுதி செய்து கொடுத்தார். பத்திரத்தின் மை காய்வதற்குள் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இந்தப் பகுதியைப் பிடித்துவிட்டார். வீட்டுக்காரர் மாறிவிட்டார், குடியிருப்பவர் புது வீட்டுக்காரரிடம் போய் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும்.

பாதிச் சுங்கம் என்பது எப்போதும் சண்டையில் முடியும் ஏற்பாடு. கணக்கு யார் எழுதுவது? யார் சரிபார்ப்பது? 1658-ல் பாதிச் சுங்கத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு 380 பகோடா என்று ஒரு தொகை பேசப்பட்டது. (பகோடா என்று வெள்ளைக்காரர்கள் சொன்னது நம்மூர் வராகனை. ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையுள்ள தங்கக் காசு.) அதிலும் பிரச்சினை ஓயவில்லை. கடைசியில் 1672-ல் கோல்கொண்டாவின் அதிகாரி நெக்னாம் கானுடன் வில்லியம் லாங்ஹார்ன் ஒரு முடிவுக்கு வந்தார். பழைய பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து 11,000 பகோடா. இனிமேல் ஆண்டுக்கு 1,200 பகோடா, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, என்றென்றைக்கும்.

1,200 பகோடா என்றால் சுமார் நான்கு கிலோ தங்கக் காசு. இன்றைய தங்க விலையில் பெருக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் வளர்ந்துகொண்டிருந்த ஒரு துறைமுகத்துக்கு அது அடிமாட்டு வாடகை. இந்த ஒப்பந்தத்தில் கம்பெனிக்குக் கிடைத்த உண்மையான லாபம் தொகை அல்ல, அது உயராது என்பதுதான். ஊரில் ஜனத்தொகை கூடுகிறது, கப்பல் கூடுகிறது, சுங்க வருமானம் வாடகையைப் பல மடங்கு மிஞ்சிப் போகிறது. வாடகை மட்டும் அதே 1,200.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது. பத்து ரூபாய் சம்பாதிக்கும் கடைக்கு ஒரு ரூபாய் வாடகை வாங்கியவர், அதே கடை நூறு ரூபாய் சம்பாதிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரா? வாடகையை ஏற்ற முடியாது. எனவே வேறு வழியில் பிடுங்க வேண்டும். பூந்தமல்லிப் பகுதியைக் கவனித்துவந்த கோல்கொண்டா அதிகாரி பொதிலி லிங்கப்பா 1680-81-ல் செய்தது அதைத்தான். சென்னைக்கு வரும் சாமான்களை வழியிலேயே மறித்தார். அரிசியும் துணியும் நின்றால் பட்டினமும் நின்றுவிடும். கம்பெனிக்காரர்களின் வியாபாரமே உள்நாட்டு நெசவாளர்களின் துணியை வாங்கிக் கப்பலேற்றுவதுதான். கடல் பக்கம் எவ்வளவு பீரங்கி வைத்திருந்தாலும் முதுகுப்பக்கம் இருக்கிற அதிகாரி கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்ய முடியும்?

வாடகைதாரர் அப்போதுதான் வேறு வீடு தேட ஆரம்பித்தார்.

தேடல் செஞ்சிப் பக்கம் திரும்பியது தற்செயல் அல்ல. சென்னைக்குத் தெற்கே கடற்கரையின் ஒரு பகுதி அன்று செஞ்சியின் கையில் இருந்தது. கடலூர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை எல்லாமே நல்ல துணி கிடைக்கும் இடங்கள். இந்தக் கடற்கரைக்கும் ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் உள்ள பழக்கமும் பழையது. 1608-லேயே டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கர் இரண்டாம் கிருஷ்ணப்பரிடம் தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். நாயக்கர்கள் போய் பீஜப்பூர் சுல்தான் வந்து, அதன் பின் 1677-ல் சிவாஜி வந்தார். செஞ்சி சுபேதாராக இருந்தவர் சிவாஜியின் மருமகன் ஹர்ஜி ராஜா மகாடிக்.

1681 இறுதியில் சென்னைக் கவுன்சில் ஹர்ஜி ராஜாவிடம் பேச ஓர் ஆளை அனுப்பியது. அவர்தான் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து, 1718-ல் அந்தக் கல்லூரிக்கே தன் பெயர் வைக்கப்பட்ட அதே யேல்தான். அப்போது அவர் கவர்னர் இல்லை, கம்பெனி ஊழியர்களில் ஒருவர். அவர் போன வேலை வீண் போகவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடலூரிலும் மரக்காணம் பக்கத்தில் உள்ள குனிமேட்டிலும் கம்பெனியின் பண்டகசாலைகள் திறந்தன. ஆனால் இவையும் அனுமதிச் சீட்டில் நடந்த இடங்கள்தான். சென்னையில் ஒரு வாடகை வீடு, தெற்கே இன்னும் சில வாடகை அறைகள். தொல்லை ஓரிடத்தில் வந்தால் இன்னோர் இடத்தில் வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஏழெட்டு வருடங்களில் நிலைமை தலைகீழானது. 1687-ல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை விழுங்கினார். சென்னைக்கு மறுபடி வீட்டுக்காரர் மாறினார். இந்தத் தடவை வந்தவர் சாதாரண ஆள் இல்லை, முழு இந்துஸ்தானத்தின் பாதுஷா. அதோடு கம்பெனிக்கு நேரமும் சரியில்லை. லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்த ஜோசையா சைல்டின் பிடிவாதத்தால் வங்காளத்திலும் பம்பாயிலும் மொகலாயர்களோடு 1686 முதல் 1690 வரை சண்டை போட்டு, கடைசியில் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்த காலம் அது. யாரோடு சண்டை போட்டார்களோ அவரே வீட்டுக்காரராக வந்து நின்றால் வாடகைதாரருக்குத் தூக்கம் வருமா?

1689-ல் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. பாண்டிச்சேரியில் பிரான்சுவா மார்த்தேன் இருக்கிறார். ஆக, தரையில் மொகலாயர், கடலில் பிரெஞ்சுக்காரர். யாருடைய தயவும் இல்லாமல் தங்களுக்கே சொந்தமான, கோட்டை உள்ள ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் சென்னைக் கவுன்சிலில் வலுத்தது இப்படித்தான். யேல் இப்போது கவர்னர்.

விற்பவர் தரப்பில் என்ன நிலைமை? 1689 மார்ச்சில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார். இளையவர் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி, வேலூர் வழியாக அந்த ஆண்டு நவம்பரில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். ஹர்ஜி ராஜா அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்திருந்தார். இருபது வயதுகூட ஆகாத அரசர், சொந்த நாட்டிலிருந்து வெகுதூரத்தில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளுக்கு நடுவே தர்பார் நடத்துகிறார். பின்னால் மொகலாயப் படை வந்துகொண்டிருக்கிறது. சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். தங்கம் உடனே தேவை. விற்க என்ன இருக்கிறது? கடற்கரை இருக்கிறது.

விலைக்கு வந்தது தேவனாம்பட்டினத்துக் கோட்டை. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வணிகர் கட்டியதாகச் சொல்லப்படும் சின்னக் கோட்டை அது. டச்சுக்காரர்களுக்கு அந்த ஊரில் ஏற்கெனவே வியாபாரம் இருந்ததால் அவர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயமும் ஆங்கிலேயர்களை விரட்டியது. 1690-ல் பேரம் முடிந்தது. வருடாவருடம் வாடகை கிடையாது, பாதிச் சுங்கம் கிடையாது, ஒரே கிரயம்.

பத்திரத்தில் இருந்த ஒரு நிபந்தனைதான் இந்தக் கதையை இன்றும் உள்ளூரில் வாழவைக்கிறது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதை ஏக்கரிலோ காணியிலோ எழுதவில்லை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம் என்று எழுதினார்கள்.

இப்படி ஒரு நிபந்தனையைப் பார்த்தால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? இருப்பதில் நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள்! கூடவே அதைச் சுடத் தெரிந்த ஆளும் போனான். மருந்தை எப்படிக் கெட்டித்து எந்தச் சாய்வில் சுட்டால் அதிக தூரம் போகும் என்பது அவன் சாமர்த்தியம் என்ற தோரணையில் கவர்னரும் கவுன்சிலும் கடிதம் எழுதினார்கள். 1690 செப்டம்பரில் பீரங்கியைத் திசைக்கு ஒன்றாகத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டினமே அடங்கிவிட்டது. சின்னக் கோட்டையை வாங்கப் போனவர்களுக்கு ஒரு பெரிய பட்டினமும் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்து கிடைத்தன. அந்த ஊர்களுக்குப் 'பீரங்கிக் குண்டுக் கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த ஊர்க்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மீனவர், உப்பளத்தில் வேலை செய்பவர், தறி போட்டவர், நஞ்சை உழுதவர். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் ஒரு வெடிச் சத்தம், வயலில் ஓர் இரும்புக் குண்டு. அன்று முதல் வரி கட்ட வேண்டிய இடம் மாறிவிட்டது. குண்டு ஐம்பது கஜம் முன்னால் விழுந்திருந்தால் பழைய அதிகாரிக்கே கட்டியிருப்பார்கள். வரி வாங்குபவர் யாராக இருந்தாலும் வாங்கத்தான் போகிறார் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் இந்த எல்லைக்கோடு இருபது வருடம் கழித்து ரத்தம் சிந்த வைத்தது. அது பிறகு வருகிறது.

புதிய சொத்துக்கு யேல் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர் அது, யேல் குடும்பமும் வேல்ஸ் வம்சாவளி. சின்ன வயதிலேயே சென்னையில் இறந்துபோன அவருடைய மகன் பெயரும் டேவிட்தான். அந்தக் குழந்தையின் கல்லறை இருக்கும் நினைவுச்சின்னம் சென்னையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. இரண்டில் எது காரணம் என்று இரு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டுமாகவும் இருக்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தக் கிரயத்தால் கம்பெனி தேடிப்போன நிம்மதி கிடைத்ததா?

தேவனாம்பட்டினத்தில் பீரங்கி சுட்ட அதே செப்டம்பர் மாதத்தில் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டைக்கு முன்னால் வந்து கூடாரம் அடித்துவிட்டார். அதாவது பத்திரத்தில் முத்திரை வைத்தவர் தன் வீட்டிலேயே முற்றுகையில் மாட்டிக்கொண்டார். சொத்து வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள் அல்லவா? இங்கே விற்றவரே பெரிய வில்லங்கம்! செஞ்சி விழுந்தால், ராஜாராம் கொடுத்த பத்திரத்தை மொகலாயர் மதிப்பார்களா?

கம்பெனி செய்தது வியாபாரிகளுக்கே உரிய வேலை. ஒரு கையால் ராஜாராமிடம் கோட்டை வாங்கியது. இன்னொரு கையால் அவரை முற்றுகையிட்ட சுல்பிகார் கானோடு சிநேகம் வைத்துக்கொண்டது. அவர் வெடிமருந்து கேட்டார், சென்னை அனுப்பியது. அவர் சென்னை உரிமையை உறுதிப்படுத்திக் கொடுத்தார். 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் மொகலாயர் தயவில் கம்பெனிக்கு வந்தன. வாங்கிய வீட்டை வைத்துக்கொண்டு வாடகை வீட்டையும் விடவில்லை, பெரிதாக்கிக்கொண்டார்கள். அதனால் லீஸ் வண்டியை மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குக் கம்பெனியின் பதில் 'இரண்டும்' என்பதுதான். பணம் உள்ளவர்கள் பதில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். யேல் மட்டும் அதிகநாள் அனுபவிக்கவில்லை. அவர் மீது குவிந்த பல புகார்களால் 1692-ல் பதவி போனது.

வாடகைதாரரின் பயம் நியாயமானதுதான் என்று காட்டவும் ஓர் உதாரணம் பக்கத்திலேயே நடந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் பீஜப்பூரின் ஷேர்கான் லோடி கொடுத்த அனுமதியில் 1674-ல் குடியேறியவர்கள். 1677-ல் ஷேர்கானைச் சிவாஜி துரத்தியதும் அவர்கள் மராட்டியரிடம் போய் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1693-ல் டச்சுக்காரர்கள் பெரிய கப்பற்படையோடு வந்தார்கள். வருவதற்கு முன் செஞ்சியில் முற்றுகையில் இருந்த ராஜாராமிடம் பணம் கொடுத்துப் பாண்டிச்சேரியையே எழுதி வாங்கிக்கொண்டார்கள்! குடியிருப்பவர் உள்ளே இருக்கும்போதே வீட்டுக்காரர் வேறு ஒருவருக்கு விற்ற கதை. செப்டம்பரில் மார்த்தேன் சரணடைந்தார். 1697-ல் ஐரோப்பாவில் ஏற்பட்ட ரைஸ்விக் உடன்படிக்கையால்தான் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பியது, அதுவும் 1699-ல்தான் கைக்கு வந்தது. இதில் ராஜாராமை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. எட்டு வருடம் நீண்ட முற்றுகை அது. கழுத்து வரை தண்ணீர் வந்தவர் எதையெல்லாம் விற்க முடியுமோ அதையெல்லாம் விற்றார். 1697 இறுதியில் அவர் தப்பிச் சென்றார், 1698 தொடக்கத்தில் செஞ்சி மொகலாயர் வசமானது.

சென்னையின் கதையும் மாறவில்லை. 1702-ல் நவாப் தாவூத் கான் படையோடு வந்து சென்னையைச் சுற்றி வளைத்தார். வாடகை பாக்கி என்று இல்லை. ஊர் இவ்வளவு சம்பாதிக்கிறதே என்பதுதான் உண்மையான காரணம். மூன்று மாதம் முற்றுகை நீடித்தது. கவர்னர் தாமஸ் பிட் கடைசியில் 25,000 ரூபாய் கொடுத்து அனுப்பிவைத்தார். பிற்காலக் கணக்குப்படி ஒரு பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால் அது ஆறு வருட வாடகை. லிங்கப்பா செய்ததையே இவர் பெரிய அளவில் செய்தார். நிலையான வாடகை என்பது காகிதத்தில்தான் நிலையாக இருந்தது. வாடகையில் ஏறாத தொகை நன்கொடையாக, நஜராக, தண்டமாக ஏறியது.

அப்படியானால் சொந்தமாக வாங்கிய கடலூர்ப் பக்கம் நிம்மதியாக இருந்ததா? அதுவும் இல்லை!

மொகலாயர் செஞ்சிக்குக் கில்லேதாராக வைத்தது சரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரை. தேசிங்கு ராஜனின் அப்பா. அவருக்கும் புனித டேவிட் கோட்டைக்கும் எல்லைக் கிராமங்கள் விஷயத்தில் தகராறு வந்தது. செஞ்சிக்குப் பணம் கட்ட வேண்டிய குத்தகைக்காரர்கள் கம்பெனி எல்லைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். செஞ்சி ஆட்கள் துரத்தி வந்தால் கோட்டின் அந்தப் பக்கம் கம்பெனியின் துப்பாக்கி இருக்கும். குண்டு விழுந்த இடம் வரை ஒரு நாடு, அதற்கு அப்பால் வேறு நாடு என்றால் இப்படித்தானே நடக்கும். 1710 வாக்கில் சரூப் சிங்கின் ஆட்கள் இரண்டு ஆங்கில அதிகாரிகளைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்தார்கள். கிராமங்கள் எரிந்தன, இரு பக்கமும் ஆள் செத்தார்கள். 1712 வரை இழுத்த சண்டை. கிரயப்பத்திரம் கையில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரை அந்தப் பத்திரம் ஒன்றும் செய்யவில்லை.

இதில் சுவையான இன்னொரு விஷயம், செஞ்சிக்காரரே அப்போது ஒரு வாடகைதாரர்தான். சரூப் சிங் கோட்டையையும் ஜாகீரையும் டில்லி பாதுஷாவின் பெயரால் வைத்திருந்தார், கட்ட வேண்டிய பணத்தை வருடக்கணக்கில் கட்டவில்லை. 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்து கோட்டையை ஏற்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். எழுபது லட்சம் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அப்பா வைத்த கோட்டை மகனுக்குச் சொந்தம் என்பது தேஜ் சிங்கின் வாதம், புதிதாகப் பாதுஷாவின் உத்தரவு இல்லாமல் செல்லாது என்பது நவாபின் வாதம். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி இருபத்திரண்டு வயதில் தேஜ் சிங் போர்க்களத்தில் இறந்தான். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வரும் தேசிங்கு ராஜன் கதைக்கு அடியில் இருப்பது, யோசித்துப் பார்த்தால், லீஸ் புதுப்பிக்கப்படாத ஒரு கோட்டையின் கதை.

கம்பெனி 1690-ல் செய்த முதலீட்டுக்கு உண்மையான பலன் ஐம்பத்தாறு வருடம் கழித்துதான் கிடைத்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். அப்போது குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடம் போட்டுத் தப்பி ஓடி வந்த இடம் புனித டேவிட் கோட்டைதான். இந்தக் கடற்கரையில் கம்பெனியின் தலைமையிடமே 1752 வரை அங்கேதான் இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்களுக்குக் கால் வைக்கத் தகுந்த கோட்டை ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சென்னையைப் பிடித்த லா பூர்தொனே அதைத் திருப்பித் தர 11 லட்சம் பகோடா மீட்புத் தொகை பேசினார். (துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தை ஏற்காமல் கிழித்துப் போட்டது வேறு கதை.) வருடம் 1,200 பகோடா வாடகை உள்ள ஊருக்கு 11 லட்சம் என்றால், தொள்ளாயிரம் வருட வாடகைக்கு மேல்! வாடகைக்கும் மதிப்புக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி இருந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

கடைசியில் அந்த வாடகையும் தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்றால் பணம் கொடுத்து அல்ல. ஐரோப்பிய உடன்படிக்கையின்படி சென்னை 1749-ல் கம்பெனிக்குத் திரும்பியது. அடுத்து ஆற்காட்டு நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் கம்பெனி முகமது அலியின் பக்கம் நின்றது. ஆற்காட்டுக் கோட்டையைக் கிளைவ் காத்தது இந்தச் சண்டையில்தான். பதவி நிலைத்த முகமது அலி 1752-ல் சென்னையின் வருடாந்திர 1,200 பகோடாவை நிரந்தரமாகத் தள்ளுபடி செய்தார். 1672-லிருந்து எண்பது வருடம். ஒழுங்காக வருடாவருடம் கட்டியிருந்தால்கூட மொத்தம் 96,000 பகோடாதான் ஆகியிருக்கும். வீட்டுக்காரரே வாடகைதாரரிடம் கடன்பட்டு, படை உதவிக்குக் கையேந்தும் நிலைக்கு வந்ததால் வாடகை போனது. பிறகு அந்த நவாபின் நாடும் எப்படிக் கம்பெனியின் கைக்குப் போனது, 1801-ல் எப்படி முடிந்தது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

விலைக்கு வாங்கிய கோட்டை என்ன ஆயிற்று? 1758 ஜூன் 2-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே லாலி அந்த வருடக் கடைசியில் வாடகைக் கோட்டையான சென்னையையும் முற்றுகையிட்டார். அங்கே அவரால் முடியவில்லை. 1761-ல் பாண்டிச்சேரி விழுந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மலை மேல் இருந்து கடற்கரையை விற்றுக்கொண்டிருந்த கோட்டைக்கு அதன் பின் வாங்குவோரும் இல்லை, விற்போரும் இல்லை.

தேவனாம்பட்டினத்துக்கு இன்று போகிறவர்கள் கடற்கரை பார்க்கத்தான் போகிறார்கள். கோட்டை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது, பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் இருக்கிறது. 1690-ல் வந்து விழுந்த பீரங்கிக் குண்டினால் வந்த பெயர் என்றே ஊரில் சொல்கிறார்கள்.